சீகிரியாவில் காசியப்பனுக்குப் பிறகு யார்?

1993ஆம் ஆண்டில் ஆண்டு 9இல் படித்தவர்களுக்கு அந்தச் சுற்றுலா மறந்திருக்காது. அதிகாலை இரண்டரை மணிக்கு விடுதிக் கதவு திறந்தது. ஒவ்வொருத்தியும் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தோம். கையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிய பொதி. பட்டிப்பொலயில் பிறந்த எனக்குக் குளிர் புதிதல்ல. இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலே. வெயில்தான் எனக்குப் புதிது. மாத்தளையைத் தாண்டியதும் ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினோம், நாலந்தாவில் மற்றதையும் கழற்றினோம். தம்புள்ளையை நெருங்கியபோது பஸ்ஸின் யன்னல் எல்லாம் திறந்திருந்தும் மூச்சு முட்டியது.

தம்புள்ளைக்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடி. யுத்த காலம். நாற்பது தமிழ்ப் பிள்ளைகள், நான்கு ஆசிரியைகள், அதிபரின் கையெழுத்துடன் பெயர்ப் பட்டியல். எல்லாரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். பட்டியலைச் சரிபார்த்த இராணுவ வீரருக்கு எங்களைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். எங்கள் சமூகக்கல்வி ஆசிரியை, "சீகிரியாவுக்கு" என்றார். தானும் பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே போயிருப்பதாகவும், மேலே குளவி உண்டு, சத்தம் போடவேண்டாம் என்றும் அவர் சொல்லி அனுப்பினார். பஸ் நகர்ந்ததும் டீச்சர் எங்கள் பக்கம் திரும்பி, "பயத்தில் ஒருவன் கட்டிய இடத்தைப் பார்க்க நாங்களும் பயந்துகொண்டே போகிறோம் பிள்ளைகள்" என்றார். சிரித்தோம். ஆனால் அது சிரிப்புக்கு மட்டும் சொன்ன வார்த்தையில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், மருத்துவம் பற்றி எழுதுங்கள் என்று சங்கத்தின் செயலாளர் கேட்டார். நீரிழிவு பற்றியும் இரத்த அழுத்தம் பற்றியும் நான் சொல்வதை என் வெளிநோயாளர் பிரிவில் தினமும் நூறு பேர் கேட்கிறார்கள். கேட்டு யாரும் திருந்தியதாகத் தெரியவில்லை. ஆகவே அன்று பஸ்ஸில் தொடங்கி இன்றுவரை என்னை விடாத ஒரு கேள்வியைப் பற்றி எழுத அனுமதி வாங்கிக்கொண்டேன்.

சீகிரியா பற்றி நாம் படித்தது இவ்வளவுதான். கலாவாவியைக் கட்டிய தாதுசேன மன்னனுக்கு இரண்டு மகன்மார். மூத்தவன் காசியப்பன், ஆனால் பட்டத்து அரசியின் வயிற்றில் பிறந்தவன் அல்லன். அரசுரிமை உள்ளவன் இளையவன் மொகல்லானன். காசியப்பன் தந்தையைச் சிறையிட்டு, சங்கிலியால் பிணைத்து, சுவருக்குள் வைத்துப் பூசிக் கொன்றான். மொகல்லானன் இந்தியாவுக்குத் தப்பினான். தம்பி படையோடு திரும்பி வருவான் என்ற அச்சத்தில் காசியப்பன் அநுராதபுரத்தை விட்டுச் சீகிரியாப் பாறையில் குடியேறி, 477 முதல் 495 வரை பதினெட்டு ஆண்டுகள் ஆண்டான். தம்பி வந்தான். போர்க்களத்தில் அண்ணனின் யானை சேற்று நிலத்தைக் கண்டு ஒதுங்க, படை அதைப் பின்வாங்கல் என்று எண்ணிக் கலைந்தது. காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். தலைநகர் மீண்டும் அநுராதபுரத்துக்குப் போயிற்று. பாடமும் அத்துடன் முடிந்தது.

பாறை முடியவில்லையே! அது அங்கேயே நின்றது. பதினெட்டு ஆண்டுகளுக்காகவா அவ்வளவு மதிலும் அகழியும் நீர்த்தடாகமும்? அவன் செத்த மறுநாள் அங்கே யார் இருந்தார்கள்? நூறு ஆண்டு கழித்து யார்? சிங்கத்தின் பாதங்களுக்கு நடுவே வியர்த்து நின்றுகொண்டு இதை நான் டீச்சரிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் வகுப்பில், "சீகிரியா: பின்னர்?" என்று கொப்பியில் தலைப்பு எழுதச் சொல்லி, அதன் கீழே ஒரு முழுப் பக்கத்தை வெறுமையாக விடச் சொன்னார். "பரீட்சைக்குப் புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள். தெரிய வருவதையெல்லாம் இந்தப் பக்கத்தில் எழுதுங்கள்." நாற்பது கொப்பிகளில் எத்தனை மிஞ்சினவோ, என்னுடையது இருக்கிறது.

முதலில் பாறையின் அளவைச் சொல்லிவிடுகிறேன், மறந்தவர்களுக்காக. சமதரையிலிருந்து ஏறக்குறைய 180 மீற்றர் செங்குத்தாக எழும்புகிறது. உச்சி ஒன்றரை ஹெக்டயருக்குச் சற்றுக் கூட, நம் தோட்டக் கணக்கில் சொன்னால் நான்கு ஏக்கர். கீழே கிழக்கு மேற்காக மூன்று கிலோமீற்றர், வடக்கு தெற்காக ஒரு கிலோமீற்றர் பரப்பில் மதில்களும் அகழிகளும். மேற்கு வாசலால் உள்ளே போனால் இடமும் வலமும் ஒன்றுபோல் அமைந்த நீர்த்தோட்டங்கள், அதற்கப்பால் பெரும் பாறைக்கற்களுக்கிடையே வளைந்து செல்லும் கற்றோட்டம், பிறகு படிப்படியான மேடைகள், பாறையின் இடுப்பில் ஓவியங்கள், வழவழப்பான கண்ணாடிச் சுவர், சிங்கவாசல், உச்சி. மழை நன்றாகப் பெய்த நாட்களில் நீர்த்தோட்டத்தின் கல் ஊற்றுகள் இன்றும் நீரை மேலே தெளிக்கின்றன. ஆயிரத்தைந்நூறு ஆண்டு பழைய குழாய் வேலை! நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வருடத்துக்கு இரண்டு தடவை அடைபடுகிறது.

காசியப்பனுக்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்பதில் பெரிய சண்டையில்லை. பாறையைச் சுற்றியுள்ள குகைகளின் நெற்றியில் மழைநீர் உள்ளே வடியாதபடி விளிம்பு வெட்டியிருக்கிறார்கள். அதன் கீழே பிராமி எழுத்தில், இந்தக் குகை சங்கத்துக்கு இன்னாரால் கொடுக்கப்பட்டது என்ற கல்வெட்டுகள். கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே பிக்குமார் அங்கே தவம் செய்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவர்களுக்கும் வெகுகாலம் முன்னே, பாறையின் கிழக்கே அலிகல குகையில் கற்கால மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள்.

காசியப்பன் காலத்தில்தான் முதற் குழப்பம் தொடங்குகிறது. அது கோட்டையா, அரண்மனையா? சூளவம்சம் இரண்டையும் சொல்கிறது. மனிதர் ஏறமுடியாத பாறை என்பதால் பயத்தினால் அங்கே போனான், சுற்றிலும் மதில் எழுப்பினான், சிங்க உருவில் படிக்கட்டு அமைத்தான் என்று ஒரு வரியில். குபேரனின் அளகாபுரிபோல் மாளிகை கட்டி, குபேரனைப் போலவே வாழ்ந்தான் என்று அடுத்த வரியில். தொல்பொருள் ஆணையாளராக இருந்த முதல் இலங்கையர் பேராசிரியர் செனரத் பரணவிதான இந்த இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டார். 1950இல் அவர் எழுதிய கட்டுரையின்படி, அது பயந்தவனின் பதுங்கிடம் இல்லை. தன்னைத் தெய்வமாக, குபேரனாகக் காட்டிக்கொள்ள விரும்பிய அரசன் பூமியில் செய்த கைலாயம். ஓவியங்களில் உள்ள பெண்கள் மேகமும் மின்னலும்.

கோட்டை என்று சொல்வோர் அகழியையும் மதிலையும், கீழே உருட்டுவதற்குத் தயாராக முட்டுக்கொடுத்து வைத்ததுபோல் நிற்கும் பெரிய கல்லையும் காட்டுவார்கள். அந்தக் கல்லடியில் நின்று வழிகாட்டி விவரிக்கும்போது எங்கள் வகுப்பே வாயைப் பிளந்தது. எனக்கு மட்டும் ஒன்று இடித்தது, இன்றும் இடிக்கிறது: அவ்வளவு பாதுகாப்பான கோட்டை இருந்தால், தம்பியின் படை வந்தபோது காசியப்பன் ஏன் அதை விட்டு இறங்கிச் சமவெளிக்குப் போனான்? தண்ணீர் உண்டு, உச்சியில் பாறையைக் குடைந்த குளமே உண்டு. உள்ளேயிருந்து மாதக்கணக்கில் தாக்குப்பிடித்திருக்கலாம். கோட்டைக்குள் இருந்து போரிடாத அரசனைப் பற்றி, அவன் கட்டியது கோட்டைதான் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லமுடியும்?

இனி என் வெறும் பக்கத்துக்கு வருகிறேன்.

அதில் நான் முதலில் எழுதியது, மொகல்லானன் வென்றதும் செய்த காரியம். சீகிரியாவில் இருந்த இரண்டு விகாரைகளை அவன் தம்மருசி, சாகலிகம் என்னும் பிரிவுகளைச் சேர்ந்த பிக்குமாருக்குக் கொடுத்தான் என்கிறது சூளவம்சம். ஆக, பிக்குமார் திரும்பி வந்தார்கள். மண்ணும் அதையே சொல்கிறது. யுனெஸ்கோவின் உதவியோடு நடந்த கலாசார முக்கோணத் திட்டம் 1982இல் சீகிரியாவில் வேலையைத் தொடங்கியபின், பேராசிரியர் சேனக்க பண்டாரநாயக்கவின் தலைமையில் நடந்த அகழ்வுகள், காசியப்பனுக்குப் பிந்திய பல நூற்றாண்டுகள் அங்கே துறவியர் வாழ்க்கை நடந்ததைக் காட்டின. கற்றோட்டத்துப் பகுதியில் இருந்த பழைய குகைகளும் புதிய கட்டடங்களும் மடாலயமாயின. இந்த வாழ்க்கை 13ஆம் நூற்றாண்டு அளவில் முடிகிறது என்பது பொதுவான கணிப்பு.

இத்துடன் பக்கம் நிரம்பியது, பின்னர் மடாலயம், சரி என்று முடித்திருக்கலாம். மருத்துவக் கல்லூரியில் முதலாம் வருடம் படித்தபோது நான் அப்படித்தான் முடித்திருந்தேன். ஆனால் நோயாளியின் பழைய அட்டையில் ஒரே ஒரு வரி எல்லாவற்றையும் குழப்பிவிடுவதுபோல, அதே சூளவம்சத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. காசியப்பன் இறந்து நூறு ஆண்டுக்குமேல் கழிந்து, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசுரிமைச் சண்டையில் தோற்ற சங்கதிஸ்ஸன் என்ற மன்னன் பிடிபட்டுச் சீகிரியாவில் கொல்லப்பட்டான். பிக்குமாருக்குக் கொடுத்த இடத்திலா ஓர் அரசனைக் கொண்டுபோய்க் கொல்வார்கள்? அப்படியானால் கீழே குகைகளில் துறவியரும், மேலேயோ பக்கத்திலோ அரசனின் காவலும் ஒரே காலத்தில் இருந்தனவா? மொகல்லானன் கொடுத்தது முழுப் பாறையையா, சில விகாரைகளை மட்டுந்தானா? சூளவம்சம் பின்னதைத்தான் சொல்கிறது. நாம்தான் அதை முழுப் பாறை என்று வாசித்துவிட்டோம்.

மூன்றாவது சாட்சி கண்ணாடிச் சுவர். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓவியங்களுக்குக் கீழே செல்லும் நடைபாதையின் சுவரில், வந்துபோனவர்கள் ஊசிமுனையால் கீறிய பாடல்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை 8ஆம், 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிங்களப் பாடல்கள். பரணவிதான வருடக்கணக்கில் அந்தச் சுவரோடு முகத்தை ஒட்டிவைத்து 685 பாடல்களை வாசித்து 1956இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னும் பல நூறு வாசித்திருக்கிறார்கள். எழுதியவர்களில் பிரபுக்கள் உண்டு, பிக்குமார் உண்டு, போர்வீரர் உண்டு, பெண்களும் உண்டு. ஊரும் பெயரும் போட்டு, மலையேறி வந்தேன், பொன்னிறப் பெண்களைப் பார்த்தேன், அவர்கள் என்னோடு பேசவில்லை என்ற மாதிரியான பாடல்கள். சில பெண் கவிகள் படத்திலுள்ள பெண்களை அவ்வளவாக மெச்சவில்லை என்பதை வாசித்தபோது விடுதி வாழ்க்கை ஞாபகம் வந்தது.

இந்தச் சுவர் நமக்குச் சொல்வது என்ன? 8ஆம் நூற்றாண்டிலேயே சீகிரியா சுற்றுலாத் தலமாக இருந்தது! அரண்மனை என்றால் யார்வேண்டுமானாலும் உள்ளே வந்து சுவரில் கீறமுடியாது. கட்டுப்பாடான தவப்பள்ளி என்றாலும், பெண்களின் அழகைப் பாடிச் சுவரில் எழுதும் கூட்டத்தை உள்ளே விட்டிருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. இடம் அப்போதே கைவிடப்பட்டு, பழைய கதையைச் சொல்லிக்கொண்டு மக்கள் வந்துபோகும் இடமாகியிருக்கவேண்டும், குறைந்தது மேற்பகுதியாவது. ஓவியப் பெண்கள் மாண்டுபோன அரசனுக்காக ஏங்கி நிற்கிறார்கள் என்று பாடியவர்களும் உண்டு. அவர்களுக்கும் நம்மைப்போலவே அது பழங்கதை. காசியப்பனை அவர்கள் கண்டதில்லை. இருநூறு, முந்நூறு ஆண்டுகள் கடந்திருந்தன. ஆகவே அந்தப் பெண்கள் அரசியர் என்பதற்குப் பாடல்களைச் சாட்சியாக நிறுத்தும்போது கவனம் வேண்டும். 9ஆம் நூற்றாண்டு வழிகாட்டி என்ன சொன்னாரோ, அதைத்தான் 9ஆம் நூற்றாண்டு மாணவி கொப்பியில் எழுதியிருப்பாள்.

இந்த இடத்தில்தான் வைத்தியர் என்ற முறையில் எனக்குப் பிடித்த ஒருவர் வருகிறார். அவர் ராஜா டி சில்வா. இரசாயனவியல் படித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்குப் போய், பின்னர் ஆணையாளரானவர். 1967இல் யாரோ ஓவியங்கள்மீது பச்சை நிறப்பூச்சை ஊற்றிப் பாழாக்கினார்கள். உரோமிலிருந்து வந்த நிபுணர் லூசியானோ மரான்சியோடு சேர்ந்து அந்தப் பூச்சை ஓவியம் சேதப்படாமல் அகற்றும் வேலையில் ஈடுபட்டவர் அவர். அந்தப் பெண்களின் முகத்தை ஒரு கை தூரத்தில் அவ்வளவு நேரம் பார்த்தவர்கள் அவருக்கு முன் மிகச் சிலரே. அவர் பிற்காலத்தில் எழுதிய முடிவு எல்லாரையும் திடுக்கிடச் செய்தது: சீகிரியா ஒருபோதும் அரண்மனையும் அல்ல, கோட்டையும் அல்ல. முன்னும் பின்னும் நடுவிலும் அது பௌத்த மடாலயமே. ஓவியங்களில் இருப்பவள் அரசியும் அல்ல, மின்னலும் அல்ல. மகாயான பௌத்தத்தின் தாராதேவி.

நான் அந்த முடிவை ஏற்கவில்லை. சிங்கவாசலும் நீர்த்தோட்டமும் துறவியருக்கு எதற்கு என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை. சூளவம்சத்தை அப்படி முழுதாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. ஆனால் அவர் செய்த ஒரு நன்மை உண்டு. எல்லாரும் மடாலயத்தைப் "பின்னர்" என்ற பெட்டிக்குள் போட்டு மூடியிருந்தார்கள். அவர் அதைத் திறந்து, காசியப்பனின் பதினெட்டு ஆண்டுகளே இரண்டு நீண்ட மடாலயக் காலங்களுக்கு நடுவில் வந்த குறுகிய இடையீடு என்பதை நினைக்கவைத்தார். கி.மு. நூற்றாண்டுகளிலிருந்து கி.பி. 13 வரை எண்ணிப் பாருங்கள். அந்த நீளத்தில் பதினெட்டு ஆண்டு எவ்வளவு? நம் வாழ்க்கையில் ஒரு சின்னம்மைக் காய்ச்சல் அளவு. ஆனால் பாறையின் பெயரைச் சொன்னால் நமக்கு ஞாபகம் வருவது அந்தக் காய்ச்சல்தான்.

பரணவிதானவின் பிற்காலத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 685 பாடல்களை வாசித்த அந்தப் பெரிய கண்கள், கடைசி ஆண்டுகளில் பழைய கல்வெட்டுகளின் வரிகளுக்கிடையே மிகச் சிறிய வேறு எழுத்துகளைக் கண்டதாக எழுதின. அவற்றை வைத்துச் சீகிரியாவின் கதையை 1972இல் ஒரு நூலாகவும் தந்தார். மற்ற அறிஞர்களின் கண்ணுக்கு அந்த எழுத்துகள் தென்படவில்லை. இதைக் கேலியாக எழுதவில்லை. எக்ஸ்ரே படத்தை நெடுநேரம் பார்த்தால் இல்லாத நிழலும் தெரியும் என்பதை எங்கள் தொழிலில் எல்லாரும் ஒருமுறையாவது அநுபவித்திருப்போம். வெறும் பக்கம் வெறுமையாக இருப்பதைப் பொறுத்துக்கொள்வது கெட்டிக்காரர்களுக்குத்தான் அதிகக் கஷ்டம்.

13, 14ஆம் நூற்றாண்டுகளுக்குப் பிறகு காடு. பிறகு 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் கண்டி இராச்சியத்தின் தொலைவான காவல் அரணாகச் சிறிது காலம் சீகிரியா மீண்டும் தலைகாட்டுகிறது. ஆயிரம் ஆண்டு கழித்து மறுபடி கோட்டை! மறுபடி காடு. 1831இல் பிரித்தானிய இராணுவ அதிகாரி மேஜர் ஜொனதன் ஃபோர்ப்ஸ் குதிரையில் வந்து பாறையைக் கண்டு எழுதியபின்தான் வெளியுலகம் அதை அறிந்தது. 1890களின் நடுப்பகுதியில் தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல் காடு வெட்டி அகழத் தொடங்கினார். சிங்கத்தின் பாதங்கள் வெளிவந்ததும் அப்போதுதான். அதுவரை அது சிங்கவாசல் என்பதற்குச் சூளவம்சமும் சுவர்ப்பாடல்களும் மட்டுமே ஆதாரமாக இருந்தன.

ஃபோர்ப்ஸின் ஆண்டைப் பார்த்தபோது என் பக்கத்தில் எழுதவேண்டிய இன்னொன்று தட்டுப்பட்டது. சுற்றுலா முடிந்து வீட்டுக்குப் போனபோது அம்மாயி, எந்த வழியால் போனீர்கள் என்று கேட்டார். மாத்தளை, நாலந்தா, தம்புள்ளை என்றேன். "அந்த வழியாத்தாம்மா எங்க பாட்டன் நடந்து வந்தாரு" என்றார். அவ்வளவுதான். அவருக்கு அதற்குமேல் தெரியாது.

தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை வந்தது 1914இல். அதற்கு முன், கோப்பிக் காலத்திலிருந்து, திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்த நம்மவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனை என்று யாரும் சரியாக எண்ணவில்லை. தம்புள்ளையிலிருந்து சீகிரியா இருபது கிலோமீற்றர்கூட வராது. ஃபோர்ப்ஸ் குதிரையில் வந்து பத்தாண்டு கழிவதற்குள் அந்த ஊர்வலம் தொடங்கிவிட்டது. மரங்களுக்கு மேலே தலை நீட்டிய அந்தப் பாறை தூரத்தில் அவர்களுடைய கண்ணில் பட்டிருக்கும். ஊர் மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்த திருச்சிக்காரர் யாராவது, இது எந்தச் சாமி மலையோ என்று கும்பிட்டிருக்கவும்கூடும். அந்த மலைக்கோட்டையும் இதே மாதிரிதானே: பல்லவர் குடைந்த குகை, தாயுமானவர் கோயில், நாயக்கர் கோட்டை, உச்சியில் பிள்ளையார், நடுவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்ட போர். இது கோயிலா கோட்டையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இரண்டும்தான், யார் எப்போது ஏறினார்கள் என்பதைப் பொறுத்தது.

9ஆம் நூற்றாண்டில் சீகிரியா ஏறிய ஒரு சாதாரணப் பெண் தன் பெயரைச் சுவரில் விட்டுப்போயிருக்கிறாள். 19ஆம் நூற்றாண்டில் அதே பிரதேசத்தைக் கடந்த என் பூட்டனாரின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. பின்னால் ஏதோ ஒரு தோட்டத்துச் செக்ரோலில் இருந்திருக்கும். அதையும் கறையான் தின்றிருக்கும். அதனால்தான் "பின்னர் யார்?" என்ற கேள்வி எனக்கு வெறும் பொழுதுபோக்கு ஆகவில்லை போலும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் புதிர் அவ்வளவு புதிரும் இல்லை. எங்கள் டிவிஷனில் ஒரு கொழுந்து மடுவம் இருந்தது. பகலில் கொழுந்து நிறுப்பார்கள். மார்கழியில் அங்கேதான் பஜனை. தேர்தல் வந்தால் கூட்டம். ஒருமுறை மண்சரிவில் லயம் இடிந்தபோது ஆறு குடும்பங்கள் மூன்று மாதம் அதில் சமைத்துச் சாப்பிட்டன. ஒரு பிள்ளையும் அங்கே பிறந்தது. ஆயிரம் ஆண்டு கழித்து ஒருவர் அதைத் தோண்டினால் தராசுக்கல் கிடைக்கும், குத்துவிளக்கின் துண்டு கிடைக்கும், அடுப்புக்கரி கிடைக்கும். ஒருவர் கடை என்பார், ஒருவர் கோயில் என்பார், ஒருவர் வீடு என்பார். மூவரிடமும் ஆதாரம் இருக்கும். பிள்ளை பிறந்ததற்கு மட்டும் எந்த ஆதாரமும் இராது.

பெரு நாட்டு மலையுச்சியில் இருக்கும் மச்சு பிச்சுவுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. 1911இல் அதை உலகுக்குக் காட்டிய ஹைராம் பிங்கம் அது இன்காக்களின் கடைசித் தலைநகர் என்றார். அது ஒரு மன்னனின் ஓய்வுக்கால மாளிகை என்பது இன்று பெரும்பாலோர் கொள்ளும் கருத்து. பெயர்ப்பலகை மாறுவதற்குள் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் பழைய விடையை எழுதிப் புள்ளி வாங்கியிருப்பார்கள்!

என்னுடைய இன்றைய விடை இது. காசியப்பனின் காலத்தில் உச்சியும் நீர்த்தோட்டமும் அரண்மனை. மதிலும் அகழியும் பாதுகாப்புக்கு. ஆனால் அவற்றுள் எல்லாமே அவன் ஒருவன் பதினெட்டு ஆண்டில் எழுப்பியவை என்று நான் நம்பவில்லை. சீகிரியாவுக்குத் தெற்கே மாப்பகல என்ற குன்றில், இராட்சதக் கற்களை அடுக்கிய பழைய மதில் ஒன்று இருக்கிறது. வந்துபோகும் பஸ்கள் எதுவும் அங்கே நிற்பதில்லை. அங்கே இன்னும் நிறையத் தோண்டவேண்டியிருக்கிறது. காசியப்பனுக்குப் பின், கீழே பிக்குமார், மேலே சில காலம் அரசகாவல், பிறகு வேடிக்கை பார்க்க வந்தவர்கள், இவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராக. எந்த நூற்றாண்டில் யாருடைய கை ஓங்கியிருந்தது என்பதற்குப் பக்கத்தில் இன்னும் இடம் விட்டுவைத்திருக்கிறேன்.

சென்ற வருடம் என் மகளோடு மறுபடி ஏறினேன். முழங்கால் ஞாபகப்படுத்தியது. ஓவியங்களைப் படமெடுக்க இப்போது அனுமதி இல்லை, நல்ல காரியம். சிங்கப்பாதங்களுக்குப் பக்கத்தில், குளவி கலைந்தால் ஒதுங்குவதற்குக் கம்பிவலைக் கூண்டு வைத்திருக்கிறார்கள். 1993இல் அந்த இராணுவ வீரர் சொன்னது விளையாட்டில்லை. மகளின் பாடப்புத்தகத்தில் இப்போது வரலாறு தனிப்பாடம். கண்ணாடிச் சுவருக்கும் பாடல்களுக்கும் கூடுதலாக இடம் கொடுத்திருக்கிறார்கள். உச்சியில் நின்று அவள் கேட்டது வேறு: "அம்மா, இவ்வளவு செங்கல்லையும் மேலே தூக்கிக்கொண்டு வந்தது யார்?" நானும் டீச்சரும் முப்பது வருடமாக ராஜாவையும் பிக்குவையும் பற்றியே யோசித்திருந்தோம். வீட்டுக்கு வந்ததும் பழைய கொப்பியை எடுத்து அவளிடமே எழுதச் சொன்னேன்.

டீச்சர் ஓய்வுபெற்று மகன் வீட்டில் இருக்கிறார். தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "அந்தக் கேள்விக்கு வேறு பக்கம் திறக்கவேண்டும்" என்றார்.

நூற்றாண்டு ஆண்டில் சங்கம் ஒரு சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்யவிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சீகிரியா என்றால் சில யோசனைகள். 2009இல் திறந்த அருங்காட்சியகத்தை முதல்நாள் மாலையில் பார்த்துவிட்டு, மறுநாள் வாசல் திறந்தவுடனேயே ஏறுங்கள். பத்து மணிக்குமேல் பாறை அடுப்பு. இருதய வருத்தம் உள்ளவர்களும் குளவி கொட்டி முன்பு உடம்பு வீங்கியவர்களும் என்னிடம் முன்கூட்டியே சொல்லவும். வாசனைத் தைலம் பூசவேண்டாம், மேலே சத்தம் வேண்டாம். இறங்கியபின் களைத்துப்போய் பஸ்ஸில் ஏறிவிடாமல், அரை மணித்தியாலம் ஒதுக்கி மாப்பகலவுக்கும் போய்வருவோம். பெயர் கொடுப்போர் பட்டியலில் என்னையும் மகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டீச்சருக்கு முன் ஆசனம்.